மறதியை அளந்த கதை

எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு முன்புதான் களியும் கீரைக் குழம்பும் உண்டு கை கழுவினார். இப்போது திண்ணையில் அமர்ந்து, தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம், "காலையிலேருந்து ஒரு வாய் சோறு போடலை" என்று முறையிடுகிறார். பேரனை மகன் பெயரால் அழைக்கிறார். அந்தி சாய்ந்தால், "நான் என் ஊட்டுக்குப் போகணும்" என்று துணிமூட்டை கட்டுகிறார். ஐம்பது ஆண்டுகளாக அவர் குடியிருக்கும் வீடே அதுதான்! இப்படி ஒருவரை உங்கள் ஊரிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் இண்டூர்ப் பக்கத்திலும் உண்டு. எந்த ஊரில்தான் இல்லை?

இதற்கு ஊரார் இரண்டு விளக்கங்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பது. மற்றொன்று குரலைத் தாழ்த்திச் சொல்லப்படுவது: "மருமகள் சரியாகப் பார்த்துக்கொள்வதில்லை." வீட்டார் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொள்கிறார்கள், பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கி வருகிறார்கள், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். டாக்டரின் நினைவு வருவது எல்லாவற்றுக்கும் பின்னால்தான். பல வீடுகளில் வருவதே இல்லை.

நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆனால் அளக்கும் கருவியில் பிழை இருந்தால், இருக்கும் பொருளே இல்லாததுபோல் தோன்றும் என்பதை ஆய்வகத்தில் நாள்தோறும் பார்ப்பவன். 'டிமென்ஷியா' என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த மறதி நோயின் வரலாற்றில், அதுவும் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில், அப்படியே ஒன்று நடந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பிராங்க்பர்ட்டில் ஒரு நோயாளி

1901-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனைக்கு அகஸ்தே என்ற 51 வயதுப் பெண்மணியை அழைத்து வந்தார்கள். அவரைச் சோதித்தவர் அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர். பெயரைக் கேட்டார், அகஸ்தே என்றார். கணவர் பெயரைக் கேட்டார். அதற்கும் அகஸ்தே என்றே விடை வந்தது. பகலுணவின்போது பூக்கோசும் பன்றி இறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரிடம், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று வினவியபோது, பசலைக் கீரை என்றார். அல்சைமர் இவற்றையெல்லாம் கேள்வியும் பதிலுமாகத் தாளில் எழுதி வைத்தார். எழுதச் சொன்னால் தம் பெயரைக்கூட முடிக்க இயலாமல் அந்தப் பெண்மணி திணறியதும், தம்மையே தாம் தொலைத்துவிட்டதாகச் சொன்னதும் அந்தக் குறிப்புகளில் உள்ளன. பின்னாளில் காணாமற்போன அந்தக் கோப்பு, 1995 டிசம்பரில் பிராங்க்பர்ட்டிலேயே திரும்பக் கிடைத்தது.

1906 ஏப்ரலில் அகஸ்தே இறந்தார். அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் அல்சைமர். பழைய முறைப் புகைப்படத்தில் ஒளிபட்ட வெள்ளி உப்பு கறுத்துப் படம் தருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே வெள்ளிதான் இங்கே மூளை உயிரணுக்களின் இழைகளில் படிந்து கறுப்பாகக் காட்டியது. உயிரணுக்களுக்குள் சிக்குண்ட நூல்கண்டு போன்ற முடிச்சுகள். உயிரணுக்களுக்கு வெளியே, ஆங்காங்கே சிதறிக் கிடந்த படிவுகள். அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் டூபிங்கன் நகரில் கூடிய மனநோய் மருத்துவர்கள் முன்னிலையில் இதை விவரித்தார். கேட்டவர்கள் ஒரு கேள்வியும் எழுப்பவில்லை! 1910-இல் கிரேப்பலின் என்ற பேராசிரியர் தம் பாடநூலில் இதற்கு 'அல்சைமர் நோய்' என்று பெயரிட்டார்.

பெயர் கிடைத்தும் பயன் சிறிதே. 65 வயதுக்கு முன் வருவதே அல்சைமர் நோய், அபூர்வமானது. கிழவர்களுக்கு வருவது முதுமையின் இயல்பு, இரத்தக் குழாய் தடித்துப் போவதன் விளைவு என்று மருத்துவ உலகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம்பியிருந்தது. 'வயசாயிடுச்சு' என்ற நம்மூர் விளக்கத்தையேதான் ஐரோப்பியப் பேராசிரியர்களும் லத்தீன் சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் எனலாம்.

எண்ணத் தொடங்கினார்கள்

இந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு கணக்கு. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெஸ்ட், டாம்லின்சன், ராத் என்ற மூவரும் 1968-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. முதியோர் உயிருடன் இருக்கும்போது, அவர்களோடு பழகுகிறவர்களைக் கண்டு, 'வீட்டு வேலை செய்ய முடிகிறதா? பழகிய தெருவில் வழி தெரிகிறதா? உடுத்திக்கொள்ள முடிகிறதா?' என்று கேட்டு மதிப்பெண் போட்டார்கள். இறந்த பிறகு அதே மனிதரின் மூளையில் படிவுகளை எண்ணினார்கள். இரண்டு எண்களையும் ஒப்பிட்டபோது, படிவுகள் கூடக்கூட வாழ்க்கைத் தடுமாற்றமும் கூடியிருந்தது. ஆகவே இது வெறும் முதுமை அன்று. மூளையில் கண்ணால் காணக்கூடிய, எண்ணக்கூடிய ஒரு நோய். இந்த ஆராய்ச்சியில் நான் பெரிதும் வியப்பது நுண்ணோக்கியை அல்ல, அந்தக் கேள்வித்தாளை. நோயாளியை விட்டுவிட்டு, உடனிருப்பவரைக் கேட்டார்கள் அல்லவா? அந்த உத்தி நம் கதையில் மீண்டும் வரும்.

1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டைனும் உடன் பணியாற்றியோரும் பத்து நிமிடத்தில் முடியக்கூடிய, 30 மதிப்பெண் கொண்ட சிறு சோதனை ஒன்றை அமைத்தார்கள். இன்று என்ன தேதி? இது என்ன பருவம்? எந்த மாநிலம்? நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். இந்த அட்டையில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யுங்கள். ஒரு வாக்கியம் எழுதுங்கள். இந்த ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள். இவ்வளவுதான். கத்தியில்லை, ஊசியில்லை, ஒரு பென்சில் போதும். உலகமெங்கும் பரவிவிட்டது.

வெர்னியர் அளவியின் சுழிப்பிழை

இனி இதே அளவுகோலைத் தருமபுரி மாவட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் எங்களுடையது: நூற்றுக்கு 68.5 பேர். எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு இது. எண்பது வயதுப் பாட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வாழ்நாளில் பென்சிலே பிடிக்காதவரிடம் ஐங்கோணம் வரையச் சொன்னால் அவர் என்ன செய்வார்? இங்கிலீஷ் தேதி அவருக்கு எதற்கு? ஆடிப் பதினெட்டு என்றைக்கு, அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேளுங்கள், சட்டென்று சொல்வார்.

'இது எந்த மாவட்டம்?' என்ற எளிய கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தருமபுரி 1965 அக்டோபரில்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் வளர்ந்த ஒருவர் 'சேலம் ஜில்லா' என்று சொன்னால், அது நோயா, பழக்கமா? நான் மாணவர்களுக்கு முதலாண்டில் சொல்லிக்கொடுக்கும் முதற்பாடம் வெர்னியர் அளவியின் சுழிப்பிழை. தாடைகள் ஒன்றையொன்று தொடும்போது அளவி சுழியைக் காட்டாவிட்டால், அதன் பிறகு எடுக்கும் ஒவ்வோர் அளவும் தவறு. பள்ளிக்கூடம் போனவரை வைத்துச் சுழி குறித்த கருவி, போகாதவரை அளக்கும்போது முதலிலேயே சில மதிப்பெண்களைத் தின்றுவிடும்.

இதைச் சரிசெய்யும் முயற்சி ஒன்று டெல்லிக்கு அருகே அரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்தது. கங்குலியும் குழுவினரும் 1995-இல் வெளியிட்ட இந்திச் சோதனையில், இப்போது காலையா மாலையா என்று கேட்டார்கள். ஏழேழாகக் கழிப்பதற்குப் பதிலாகக் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். அட்டையைப் படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதிலாக, 'நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள்' என்று சொல்லிச் சோதிப்பவரே கண்ணை மூடிக் காட்டினார். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, 'உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்'. படிப்பதற்கு எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! ஆனால் ஒரு கருவியை மண்ணுக்கேற்பத் திருத்துவது என்பது இதுதான்.

பல்லப்கர் ஆராய்ச்சியின் முடிவுகள் 1998-இல் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 65 வயதைத் தாண்டியோரில் அல்சைமர் நோய் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே இருந்தது. மேனாடுகளில் கண்டதைவிட மிகக் குறைவு. உடனே காரணம் தேடக் கிளம்பினார்கள். இந்தியர்கள் தினமும் மஞ்சள் உண்கிறார்கள், அதுதான் காக்கிறது என்ற பேச்சு எழுந்து, பத்திரிகைகளிலும் மருந்துக் கடைகளிலும் புகுந்தது. மஞ்சளிலுள்ள குர்குமினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் நோய் குறையவில்லை என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். மஞ்சளைத் தாராளமாகக் குழம்பில் போடுங்கள். அதை நம்பிப் பாட்டியின் மறதியை அலட்சியம் செய்யாதீர்கள்.

வேலூர்க் கிராமங்களில் இரண்டு அளவுகோல்கள்

தென்னாட்டிலும் இதே காலத்தில் தேடல் நடந்தது. சென்னைக்கு அருகேயுள்ள திருப்போரூர் வட்டாரத்தில் 60 வயதைத் தாண்டிய 750 பேரைச் சோதித்த ராஜ்குமார், குமார், தாரா ஆகியோர் நூற்றுக்கு 3.5 பேருக்கு மறதி நோய் இருப்பதாக 1997-இல் எழுதினார்கள். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துத் திருவாணியூர் ஊராட்சியில் கண்ட விகிதமும், அதாவது 1996-இல் வெளியானதும், ஏறத்தாழ இதுவே. கேரளத்தில் இந்த வேலைக்கு உந்துதலாக இருந்தவர்களுள் ஒருவர் ஜேக்கப் ராய் என்ற குழந்தை மருத்துவர். தம் தந்தைக்கு இந்த நோய் வந்ததைக் கண்டவர் அவர். 1992-இல் இந்திய அல்சைமர் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

1998-இல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் தங்கள் குழுவுக்கு '10/66' என்று ஒரு விசித்திரமான பெயர் வைத்தார்கள். மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள். ஆனால் ஆராய்ச்சியில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதில்லை. அந்த அநீதியே குழுவின் பெயராயிற்று. அவர்கள் முதலில் செய்த வேலை கருவியைச் சரிபார்த்ததுதான். 25 ஊர்களில் 2,885 முதியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மறதி நோய் உள்ளவர்கள், நோயில்லாத படித்தவர்கள், நோயில்லாத படிக்காதவர்கள், மனச்சோர்வு மட்டும் உள்ளவர்கள் என நான்கு வகை. படிக்காதவரை நோயாளி என்று தவறாகக் காட்டாத கேள்விமுறை ஒன்று 2003-இல் உருவானது. முதியவரைச் சோதிப்பதோடு, உடனிருந்து பார்த்துக்கொள்பவரையும் அது விரிவாகக் கேட்கிறது. நியூகாசில் உத்தி நினைவிருக்கிறதா?

பிறகு ஏழு நாடுகளில் 65 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 15,000 பேரைக் கண்டு சோதித்தார்கள். இந்தியாவில் அவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு இடங்களும் தமிழ்நாட்டில்தான்: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். வேலூர்க் கிராமப் பணியைச் செய்தது கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 2008-இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. இங்கேதான் கதையின் திருப்பம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் இலக்கணப்படி கணக்கிட்டால், இந்தியக் கிராமத்தில் மறதி நோயாளிகள் நூற்றுக்கு 0.3 பேர். ஏழு நாடுகளிலும் மிகக் குறைந்த எண் அதுவே. புதிய 10/66 முறைப்படி கணக்கிட்டாலோ, எல்லா ஊர்களும் 5.6-க்கும் 11.7-க்கும் இடையில் அமைந்தன. வேலூர்க் கிராமங்களும் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தன.

அதே மக்கள், அதே திண்ணைகள். அளவுகோல் மாறியதும் எண் குறைந்தது பதினெட்டு மடங்கு உயர்ந்துவிட்டது! ஆய்வகத்தில் என் மாணவன் இப்படி ஒரு விடையைக் கொண்டு வந்தால், 'கருவியைப் போய்ப் பார்' என்பேன்.

மறைந்திருந்தவர்கள்

பழைய இலக்கணம் எங்கே தவறியது? நினைவு குறைந்தால் மட்டும் போதாது, அதனால் அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அது கேட்டது. நியாயமான நிபந்தனைதானே என்று தோன்றும். ஆனால் நம் வீட்டு நடப்பை நினைத்துப் பாருங்கள். எண்பது வயதுப் பாட்டி கடைக்குப் போவதில்லை, பணத்தை எண்ணுவதில்லை, சமைப்பதில்லை. தட்டில் சோறு வருகிறது. குளிக்க வெந்நீர் வருகிறது. 'அவருக்கு ஏதாவது வேலையில் சிரமம் உண்டா?' என்று கேட்டால், 'அவங்களுக்கு என்ன வேலை? நாங்க பார்த்துக்கறோம்' என்று பதில் வரும். பார்த்துக்கொள்கிற அன்பே நோயை மறைத்துவிட்டது. மறதியைச் சொன்னாலும், 'வயசுக்கு அது சகஜம்தானே' என்று சேர்த்தே சொன்னார்கள். படிவத்தில் அது நோயாகப் பதியவில்லை.

மறைந்த நோய்க்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கோவாவில் படேல், பிரின்ஸ் இருவரும் ஊராரோடு பேசி 2001-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. இத்தகைய மறதி பிள்ளைகள் அன்பு காட்டாததாலும் புறக்கணிப்பதாலும் வருவது என்று அங்கே பலர் கருதினார்கள். குரலைத் தாழ்த்திச் சொல்லப்படும் நம்மூர் விளக்கமும் அதுதானே! இரவெல்லாம் கண்விழித்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் காக்கிறவள் மீதே பழி விழுகிறது. பழிக்கு அஞ்சி வீட்டார் நோயைச் சொல்வதில்லை. சொல்லாததால் ஊருக்கு நோய் தெரிவதில்லை. தெரியாததால் பழி தொடர்கிறது. மூளையில் புரதம் படிவதற்கும் மருமகளின் குணத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

சொற்களும் சேர்ந்தே மறைத்தன. இந்தியில் 'சடியானா' என்றால் அறுபதாகிவிட்டது, அதாவது புத்தி தடுமாறிவிட்டது என்று பொருள். யாழ்ப்பாணத் தமிழில் 'அறளை பெயர்ந்தவர்' என்பார்கள். நாம் 'சின்னப்பிள்ளை மாதிரி ஆயிட்டாங்க' என்கிறோம். எல்லாம் வயதைச் சொல்கின்றன, நோயைச் சொல்லவில்லை. ஜப்பானியர் இதில் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். மடமை என்ற பொருள் தொனிக்கும் பழைய சொல்லைக் கைவிட்டு, 2004-இல் அரசே புதுச்சொல் ஒன்றை அறிவித்தது. சில ஆண்டுகளில் மக்கள் வழக்கிலும் அது நிலைத்துவிட்டது. தமிழில் 'முதுமை மறதி' என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அகஸ்தேக்கு வயது 51 அல்லவா?

இன்றைய கணக்கு

இந்தியாவில் 18 மாநிலங்களில் முதியோரை வீடுவீடாகச் சோதித்து, 2023-இல் வெளியான கணக்கின்படி, 60 வயதைத் தாண்டியோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருக்கிறது; அதாவது சுமார் 88 லட்சம் பேர். நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. கிராமத்தில்தான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். பல்லப்கரில் எழுத்தறியாதவர்க்கென உருவான கேள்விகள் இந்தக் கணக்கெடுப்பிலும் பயன்பட்டன.

நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. அப்படியானால் டாக்டரிடம் எதற்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். மறதியெல்லாம் அல்சைமர் அன்று. தைராய்டுச் சுரப்புக் குறைவு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, எப்போதோ கீழே விழுந்ததில் மண்டைக்குள் கசிந்த இரத்தம், வேறு நோய்க்குத் தின்னும் மாத்திரைகள் ஆகியவையும் இதே தோற்றம் தரும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. எளிய இரத்தச் சோதனையிலேயே சிலவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். மறதி நோயே என்றாலும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும், காது கேளாதவருக்குக் காதுக் கருவி வாங்கித் தருவதும் வீண் போகா. 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே பணியாளர் வருகிறார். வரும்போது பாட்டியின் மறதியைப் பற்றியும் நீங்களாகவே சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, முதலில் எந்த வேலையில் தடுமாறினார், இப்போது எதெதை மறக்கிறார் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஐந்து நிமிடப் பேச்சில் பல நோயாளிகள் நன்றாகவே பேசிவிடுவார்கள். ஆகவே நாள் முழுதும் உடனிருப்பவரே கூடப் போவது நல்லது.

வேண்டுதலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிறு வயதில் பல்லாயிரம் முறை சொல்லிப் பழகிய துதியும் பாட்டும், நேற்று நடந்ததைப்போல் எளிதில் அழிவதில்லை. மகன் பெயரை மறந்தவர் மாலை விளக்கேற்றியதும் கைகூப்பிப் பாடலை அடிபிறழாமல் சொல்வதை வீட்டார் பலர் கண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் முகத்தில் கலக்கம் குறைகிறதென்றால் அது பெரிய லாபம். ஆனால் வேண்டியும் குணமாகவில்லையே, நம்மிடம் ஏதோ குறை என்று வீட்டார் மனம் குன்ற வேண்டியதில்லை.

செப்டம்பர் 21-ஆம் நாளை உலக அல்சைமர் தினமாக 1994 முதல் கொண்டாடி வருகிறார்கள். பெருநகரங்களில் அன்று பதாகை ஏந்தி நடக்கிறார்கள். எங்கள் பக்கத்துக்கு அதைவிட ஏற்ற இடம் கோயில் திருவிழா, வெள்ளிக்கிழமைத் தொழுகை, ஞாயிறு பூசை ஆகியவையே. ஊர் முழுவதும் ஓரிடத்தில் கூடுவது அங்கேதான். ஆடிப்பெருக்குக் கூட்டத்திலும் தேர்க் கூட்டத்திலும், 'நீலச் சேலை கட்டிய பாட்டி ஒருவர் வழி தெரியாமல் இங்கே இருக்கிறார், பெயர் சொல்லத் தெரியவில்லை' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த அறிவிப்போடு இது ஒரு நோய் என்று இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்ல விழாக் குழுவினருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டார் செய்ய வேண்டியது அதைவிட எளிது: மூதாட்டியின் சேலை முந்தானையிலோ, தாத்தாவின் சட்டைப் பையின் உட்புறத்திலோ, ஊர்ப் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு துணித்துண்டைத் தைத்து வைப்பது.